வாலடியில் இரண்டு வெட்டு: ஃபிராங்ஃபர்ட் ஃபர் தெருவில் ஒரு நாள்

டுசல்டோர்ஃபிலிருந்து ஒரு வாசகி போன மாதம் எழுதியிருந்தார். பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மாள் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது தன்னுடைய பழைய சிறுத்தைத் தோல் கோட்டை இவரிடம் கொடுத்துவிட்டாராம். போடவும் மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. இலையுதிர் காலத்தில் ஃபிராங்ஃபர்ட் போகிறாராம். அங்கே ஃபர், அதாவது முடியோடு பதனிட்ட தோல், விற்கும் கடைகள் இருக்கும் தெரு எது, போனால் இந்தத் தோல் எந்த நாட்டுச் சிறுத்தையுடையது என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டிருந்தார். தெருவின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு ஒரு வரி போதாது. அதனால் 1975 மார்ச்சில் நான் அந்தத் தெருவுக்குப் போன கதையை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சொந்த ஊர் திண்டுக்கல், பேகம்பூர். அத்தா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. நான் உதவித்தொகையில் தென் ஜெர்மனியில் இருக்கும் ரொய்ட்லிங்கன் வந்து, தோல் பதனிடும் படிப்பின் கடைசி அரையாண்டில் இருந்தேன். ஜூலை முப்பத்தொன்றோடு தங்கும் அனுமதி முடிகிறது. வேலை கிடைத்தால் நீட்டிப்பார்கள், இல்லையென்றால் விமானம். வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு எடுப்பதை ஜெர்மனி நிறுத்தியிருந்த சமயம் அது. இவர்தான் வேண்டும், வேறு யாராலும் இந்த வேலை ஆகாது என்று முதலாளியே எழுதிக் கொடுத்தால்தான் நடக்கும். எனக்கு ஊர் திரும்ப விருப்பமில்லை என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். திரும்பினால் மறுபடியும் சுண்ணாம்புத் தொட்டிதான்.

வேலைக்கு வழி சொன்னவர் தில்லையண்ணை. பருத்தித்துறைக்காரர், ஃபிராங்ஃபர்ட்டில் ஒரு ஃபர் வணிகரின் கிடங்கில் மூட்டை கட்டும் வேலை. முந்தைய ஆண்டு ஸ்டுட்கார்ட்டில் ஒரு கல்யாண விருந்தில் பழக்கம். "முதலாளி தோல் தெரிஞ்ச ஆள் ஒண்டு தேடுறார், ஒருக்கா வந்து காட்டும்" என்று கார்டு போட்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை 5.52க்கு ரொய்ட்லிங்கனில் ரயில். ஸ்டுட்கார்ட்டில் வண்டி மாறி, 9.31க்கு ஃபிராங்ஃபர்ட் பிரதான நிலையம். மொத்தம் சுமார் 260 கிலோமீட்டர், ஒரு வழிக் கட்டணம் 32 மார்க். சாப்பாட்டுக்கு அவித்த முட்டை இரண்டு, ரொட்டி, ஒரு ஆப்பிள். ரயிலில் விற்கும் ரொட்டிக்குள் எந்த மிருகம் இருக்கிறது என்று விசாரித்து விசாரித்து அலுத்துப்போய், அந்தக் காலத்தில் எங்கே போனாலும் முட்டையோடுதான் போவேன்.

நிலைய வாசலில் இரண்டு மாணவிகள் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பனிக்கட்டி மேல் வெள்ளை சீல் குட்டி ஒன்று நேராக நம்மைப் பார்க்கும் படம். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வடக்கு வாசலில் வெளியேறி இரண்டு தெரு தாண்டினால் நிட்டா தெரு. நிலையத்திலிருந்து முந்நூறு மீட்டர், நடந்தால் நான்கு நிமிடம். தெரு பார்வைக்குச் சாதாரணம். மேலே அலுவலகங்கள், கீழே கிடங்குகள். தள்ளுவண்டியில் கட்டுக் கட்டாகத் தோல் போகும். எங்கள் ஊரில் தோல் மண்டி இருக்கும் தெருவைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். இங்கே மூக்குக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை, லேசாகப் பூச்சி உருண்டை வாசம் மட்டும். உலகத்து ஃபர் வியாபாரத்தில் பெரும்பங்கு இந்த நாலைந்து தெருவுக்குள் நடக்கிறது என்று தில்லையண்ணை சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அவருடைய முதலாளியை ஹெர் பிராண்ட்னர் என்று வைத்துக்கொள்வோம். அறுபது தாண்டியவர். கிழக்கே லைப்சிக்கில், ஃபர் வியாபாரத்துக்குப் பேர்போன புரூல் தெருவில் தகப்பனார் காலத்துக் கடை இருந்தது. போருக்குப் பிறகு, அந்தத் தெருவின் பல வணிகர்களைப் போல எல்லாவற்றையும் விட்டு மேற்கே வந்து, இங்கே மறுபடி ஆரம்பித்தவர். என் ஜெர்மன் அரைகுறை என்று தெரிந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார். நல்ல மனிதர். இதை எழுதும்போதும் அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு வரவில்லை. காபி கொடுத்தார். பன்றி இறைச்சி இல்லாத பிஸ்கட் என்று சிரிக்காமல் சொல்லித் தட்டை நீட்டினார்.

மூன்றாம் மாடியில், வடக்கு பார்த்த பெரிய ஜன்னலுக்குக் கீழே நீள மேஜை. ஃபர் பார்ப்பதற்கு வடக்கு வெளிச்சம்தான் வேண்டும், நேர் வெயில் பட்டால் நிறம் பொய் சொல்லும் என்றார். முதலில் மிங்க், கீரி மாதிரிச் சின்ன மிருகம், டென்மார்க் பண்ணையில் வளர்த்தது. அவர் ஒரு தோலைக் கையில் எடுத்து, முடி மேல் வாயால் ஊதினார். முடி இரண்டாகப் பிரிந்து அடி ரோமம் தெரிந்தது. அந்தத் தொழிலில் எல்லாரும் ஊதித்தான் பார்ப்பார்கள். நான் எடுத்ததும் என் கை தானாகத் தோலைப் புரட்டிவிட்டது. எங்கள் தொழிலில் முடியே கிடையாது, சுண்ணாம்பில் போட்டு எடுத்தாயிற்று. சதைப் பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் கீறி, மடித்து, மூக்கில் வைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பரிசோதனை.

அவருக்கு அது பிடித்துவிட்டது. "இங்கே எல்லாரும் முடியைத்தான் பார்க்கிறார்கள். உள்பக்கம் பார்க்கிற ஆள்தான் எனக்குத் தேவை" என்றார்.

இருபது மிங்க் கொடுத்தார். மூன்றில் உள்பக்கம் எண்ணெய் சரியாக ஏறவில்லை, ஒன்றில் பழைய பூச்சி அரிப்பு. எடுத்துக் காட்டினேன். அடுத்து சுருள் முடி ஆட்டுக்குட்டித் தோல். பிறந்த ஓரிரு நாளில் எடுப்பது, சுருள் விரிவதற்குள் எடுத்தால்தான் விலை. கையில் கைக்குட்டை கனம்கூட இல்லை. எங்கள் வீட்டில் ஆடு அறுத்தால் பிஸ்மி சொல்லி அறுத்து, இறைச்சியைப் பங்கிட்டு, மிச்சமாகும் தோலை மண்டிக்கு அனுப்புவோம். இங்கே தோல் போக மிச்சமாவது ஆடு. இதை என் உடைந்த ஜெர்மனில் அவரிடம் சொல்லியும் விட்டேன். வேலை கேட்டுப் போன இடத்தில் பேசுகிற பேச்சா என்று கேட்காதீர்கள்.

அவர் கோபப்படவில்லை. என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த துண்டுப் பிரசுரத்தைச் சுட்டிக் காட்டினார். "சீல் குட்டிக்குக் கண் பெரியது. அதனால் அதற்காக அழுகிறார்கள். மிங்க்குக்குக் கண் சின்னது. மீன் கழிவைத் தின்று வளர்கிறது, குளிரில் மனிதனைக் காப்பாற்றுகிறது. பண்ணையில் இருக்கிற வரைக்கும் தீர்ந்துபோகாது. தீர்ந்துபோகிற மிருகம் வேறு விஷயம், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்" என்றார். கண் சின்னதாக இருந்தால் வலிக்காதா என்று கேட்கலாம் என்று தோன்றியது. அதற்கு ஜெர்மன் தேடிக்கொண்டிருக்கும்போதே, அலமாரியைத் திறந்து தீர்ந்துபோகிற மிருகத்தை எடுத்து மேஜையில் போட்டார்.

பதினான்கு சிறுத்தைத் தோல்கள். இரண்டு நீளக் கோட்டுக்கானவை. புள்ளி புள்ளியோடு பொருந்த வேண்டும் என்பதால் ஒரு கோட்டுக்கு ஆறேழு தோல் ஆகிவிடும், பொருத்தமான ஆறேழைத் தேர்ந்தெடுக்க இன்னும் நிறைய வேண்டும் என்றார். சோமாலியாவிலிருந்து முறையாக வந்தவை, காகிதம் இருக்கிறது என்று ஒரு கோப்பைத் தட்டிக் காட்டினார். தில்லையண்ணை மேஜையின் மறுமுனையில் மிங்க்கைக் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் முதல் தோலைப் புரட்டினேன். சதைப் பக்கம் இளம் மஞ்சள், லேசான பச்சை ஓட்டம். நகத்தால் கீறினால் உள்ளேயும் அதே மஞ்சள். மடித்து மூக்கில் வைத்தேன். ஆவாரம்பட்டை. அதற்கு மேல் கடுக்காய். அதற்கும் மேல் புங்கெண்ணெய். இரண்டு வருடமாக ஜெர்மன் ரசாயனத்தைத் தவிர எதையும் முகராத மூக்கு. எனக்கு அழுகை வந்துவிட்டது, பொய்யில்லை. அத்தா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டால் வருகிற வாசம் அது.

"இது சோமாலியா இல்லை" என்றேன். "இது எங்கள் ஊர்ப் பக்கம் பதனிட்டது."

மறுமுனையில் தில்லையண்ணை மிங்க் கட்டுவதை நிறுத்தியிருந்தார். அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை. ஹெர் பிராண்ட்னர் மெதுவாக, "எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

நம் ஊரில் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி கேட்டால், போதும் என்று சொல்லும்வரை பதிலை நிறுத்த மாட்டோம். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். நான் அன்று முதல் மதிப்பெண் வாங்கினேன். ஆவாரம்பட்டை எந்த நிறம் கொடுக்கும், கடுக்காய் எதற்கு, புங்கெண்ணெயை எங்கே பூசுவார்கள், எல்லாம் சொன்னேன். போதாதென்று வாலடியைத் தேடி, ஓரத்தில் இருந்த இரண்டு சின்ன வெட்டையும் காட்டினேன். எங்கள் பக்கத்து ஷாப்புகளில் பல வியாபாரிகளின் தோலை ஒரே தொட்டியில் கூலிக்குப் பதனிடுவார்கள். ஒருவர் சரக்கு இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொருவருக்கும் ஒரு வெட்டுக் குறி. ஊருக்குப் போய்க் கேட்டால் இந்த இரண்டு வெட்டு யாருடையது என்று அரைநாளில் சொல்லிவிடுவார்கள் என்றும் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன்.

பதினான்கையும் புரட்டினேன். ஒன்பதில் அந்த வாசம், அந்த வெட்டு.

இதைச் சொல்லும்போது எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமில்லை. இந்தியாவிலிருந்து சிறுத்தைத் தோல் ஏற்றுமதி செய்யத் தடை இருந்தது தெரியும். சிறுமலை, கொடைக்கானல் பக்கமிருந்து எப்போதாவது முடியோடு ஒரு சிறுத்தைத் தோல் எங்கள் ஷாப்புக்கு வரும், எங்கிருந்து என்று யாரும் கேட்க மாட்டார்கள், அத்தாவும் கேட்டதில்லை என்பதும் தெரியும். தெரிந்த எதுவும் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. வாசம்தான் இருந்தது.

ஹெர் பிராண்ட்னர் ஒன்பதையும் ஒரு பக்கமாக அடுக்கினார். "இதை வேறு யாரால் கண்டுபிடிக்க முடியும்?"

"இங்கேயா? என்னைத் தவிர யாராலும் முடியாது."

"அப்படியானால் நீங்கள் இங்கேயே இருப்பது நல்லது" என்றார். முதல்முறையாகச் சிரித்தார். பிறகு, இந்த நிறமும் வாசமும் போக வழி உண்டா என்று கேட்டார். அதுவும் பாடத்தில் இருக்கிறது. வெண்காரக் (போராக்ஸ்) கரைசலில் ஊறவைத்து, பட்டை ஏற்றிய பழைய துவர்ப்பை இறக்கிவிட்டு, படிகாரத்தில் மறுபடி பதனிட்டால் உள்பக்கம் வெள்ளையாகிவிடும். அதையும் சொன்னேன். எத்தனை நாள் ஆகும் என்றும் சொன்னேன். அவர் தில்லையண்ணையிடம் கையை நீட்டினார். அண்ணை ஃபர் வெட்டும் சின்னக் கத்தியை எடுத்துக் கொடுத்தார். ஹெர் பிராண்ட்னர் வாலடி ஓரத்தை ஒரு விரல் அகலத்துக்கு நேராக வெட்டினார், ஒன்பது தோலிலும். துண்டுகள் மேஜைக்குக் கீழே இருந்த கூடையில் விழுந்தன. நான் காட்டிக்கொடுத்த இடத்திலேயே வெட்டினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார். அதிகாரிகளுக்கான கடிதத்தை அன்றே தட்டச்சு செய்து காட்டினார். "இவருடைய தனித்திறமைக்கு ஜெர்மனியில் மாற்று ஆள் இல்லை" என்று ஒரு வாக்கியம். அதில் பொய் எதுவும் இல்லை.

திரும்பும் வண்டி மாலை 4.18க்கு. தில்லையண்ணை நிலையம்வரை வந்தார். நடைமேடையில்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"நீர் ஏன் உதைச் சொன்னனீர்?"

"எங்க ஊர்த் தோல்ணே. வாசம் வந்துச்சு, சொல்லிட்டேன்."

"எனக்கும் தெரியும். தோல் வந்த சாக்கில தமிழெழுத்துக் கிடந்தது. முதலாளி சொன்னார், நான் எரிச்சுப்போட்டன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"ஓம். எனக்கும் விசா இருக்கெல்லே" என்றார். சிகரெட் பற்றவைத்துக்கொண்டார். "ஆனா நான் எரிச்சது சாக்கை மட்டும்தான் தம்பி. தோல் தோலாக் கிடந்தது. எண்டைக்காவது ஒருத்தன் வந்து பிரட்டிப் பாத்தா, அது தானாச் சொல்லியிருக்கும். இனி அதால ஏலாது."

"நான் வேலைக்கு வரலைன்னா?"

"வராட்டி என்ன? வெண்காரம் எண்டு சொல்லிக் குடுத்திட்டீர்தானே." வண்டி வந்தது. "ஆனா வாரும். நான் உம்மை வரவேண்டாம் எண்டு சொல்லேல்லை. உம்மட இடத்தில நான் நிண்டாலும் வருவன்."

ஸ்டுட்கார்ட் வரும்வரை அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டிருந்தேன். நான் போகாவிட்டாலும் அந்த ஒன்பது தோலும் வெள்ளையாகத்தான் போகிறது, செத்த சிறுத்தை எழுந்து வரப்போவதில்லை, ஆகவே போகலாம். கேட்க நன்றாக இருந்தது. அத்தாவும் இப்படித்தான் நினைத்திருப்பார்: நாம் பதனிடாவிட்டால் அடுத்த ஷாப்பில் பதனிடுவான். சுட்டவனும் இப்படி ஒன்று சொல்லியிருப்பான். கோட்டு வாங்குகிற அம்மாளுக்கும் ஒன்று இருக்கும். ஆள் ஆளுக்கு ஒரு துண்டு நியாயம். சீல் குட்டி படத்தை எடுத்துப் பார்த்தேன், முட்டை ஓட்டை அதில் மடித்துக் குப்பையில் போட்டேன். திங்கட்கிழமை காலை தபால் நிலையத்திலிருந்து தொலைபேசியில் பேசி, சம்மதம் என்றேன்.

பதினான்கு மாதம் அங்கே வேலை பார்த்தேன். பெரும்பாலும் மிங்க்தான். நடுவில் மூன்று முறை "உங்கள் ஊர்ச் சரக்கு" வந்தது. மூன்று முறையும் பிரித்து எடுத்து, வாலடியை வெட்டி, வெண்காரத்துக்கு அனுப்பினேன். பிறகு ஒஃபன்பாக்கில் ஒரு கைப்பைத் தொழிற்சாலையில் மாட்டுத்தோல் வேலை கிடைத்ததும் மாறிவிட்டேன். கொள்கைக்காக மாறவில்லை, அங்கே சம்பளம் அதிகம். வெட்கமாகத்தான் இருக்கிறது. நடந்ததை அப்படியே எழுதுவதாகச் சொல்லித்தான் இந்தப் பதிவுகளை ஆரம்பித்தேன்.

இனி, டுசல்டோர்ஃப் வாசகிக்கும் மற்றவர்களுக்கும். நிட்டா தெரு இன்றும் நிலையத்திலிருந்து நான்கு நிமிடம்தான், வடக்கு வாசல். ஃபர் கடைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தேடினால் ஒன்றிரண்டு பெயர்ப் பலகை கிடைக்கலாம். தெரு கொஞ்சம் கரடுமுரடு, பகலில் போங்கள், பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். லைப்சிக் போகிறவர்கள் புரூல் தெருவையும் பார்க்கலாம், அதுவும் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். சிறுத்தைக் கோட்டைக் காகிதம் இல்லாமல் விற்கவோ, ஊருக்கு எடுத்துப் போகவோ முயலாதீர்கள். இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். அடி ஓரத்தில் உள்துணித் தையலை ஒரு சாண் பிரித்தால் தோலின் உள்பக்கம் தெரியும். மஞ்சளாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், நானே ரயில் ஏறி வருகிறேன்.

வெள்ளையாக இருந்தால் என்னால் பயனில்லை. அது ஏன் என்பதற்கும் ஒரு பயணக் கதை உண்டு, சின்னது. இத்தகைய தோல்களைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம் ஜெர்மனியில் அமலுக்கு வந்த பிறகு, சுங்கத்துறையிலிருந்து ஒரு இளம் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். இந்தியத் தோல் தெரிந்தவர் என்று யாரோ பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒஃபன்பாக்கிலிருந்து ஃபிராங்ஃபர்ட் சுங்க அலுவலகத்துக்கு டிராமில் முப்பத்தைந்து நிமிடம். மேஜையில் ஐந்து சிறுத்தைத் தோல்கள். இந்தியாவிலிருந்து வந்ததாக நிரூபித்தால் வழக்கு நிற்கும், இல்லையென்றால் உரிமையாளரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். ஆவலாக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் புரட்டினேன். வெள்ளை. நகத்தால் கீறினேன், உள்ளேயும் வெள்ளை. மடித்து மூக்கில் வைத்தேன், படிகாரத்தைத் தவிர ஒன்றுமில்லை. வாலடி ஐந்திலும் ஒரு விரல் அகலத்துக்கு நேராக வெட்டியிருந்தது. வலது கைக்காரன் வெட்டினால் கடைசியில் கத்தி லேசாக மேலே ஏறும். இதில் கீழே இறங்கியிருந்தது. நான் இடது கைக்காரன்.

"எந்த ஊர் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

இந்தக் கத்தி வெட்டு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் ஒரு சாட்சிதான். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய விசா ஞாபகம் வந்தது. அன்று முதல்முறையாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

"தோலை வைத்துச் சொல்ல முடியாது" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டு, வந்ததற்கு நன்றி சொல்லி, டிராம் கட்டணம் இரண்டு மார்க்கை மேஜையில் வைத்தார். எடுத்துக்கொண்டேன்.